முதுநிலைச் சட்ட நுழைவுத் தேர்வு: தீர்ப்பிலிருந்து தொடங்குங்கள்

பி.எல். படித்த காலத்தில் ஊறிப்போன ஒரு பழக்கத்தை இந்தத் தேர்வுக்கு வரும்போது விட்டுவிட வேண்டும். செமஸ்டர் தேர்வில் ‘அடிப்படைக் கட்டமைப்புக் கோட்பாட்டை விளக்குக’ என்று கேட்பார்கள். நான்கு பக்கம் எழுதி, கேசவானந்த பாரதி வழக்கின் பெயரை அடிக்கோடிட்டால் மதிப்பெண் கிடைத்துவிடும். எல்.எல்.எம். சேர்க்கைக்கான கிளாட் தேர்வு அப்படிக் கேட்பதில்லை. ஒரு தீர்ப்பிலிருந்து சில பத்திகளை எடுத்துப் போட்டு, அதன் கீழே கொத்தாகக் கேள்விகளை அடுக்குகிறது. பத்தியை நிதானமாகப் படித்தாலே விடை தெரிந்துவிடும் கேள்விகள் சில. அந்தத் தீர்ப்பு எந்த முந்தைய வழக்கை மாற்றியது, எத்தனை நீதிபதிகள் அமர்ந்தார்கள், மாறுபட்டவர் என்ன சொன்னார், எந்த உறுப்பின் கீழ் வழக்கு வந்தது என்று பத்திக்கு வெளியே போய்க் கேட்பவை மற்றவை.

ஆகவே இந்த அத்தியாயம் வலியுறுத்துவது ஒன்றே ஒன்றைத்தான். பாடவாரியாகக் குறிப்பு எடுத்து மனப்பாடம் செய்வதை இரண்டாம் இடத்துக்குத் தள்ளுங்கள். தீர்ப்புகளைப் படித்து, அவற்றை ஒன்றோடொன்று கோப்பதை முதல் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

தேர்வு ஒரு பார்வையில்

கிளாட் தேர்வை நடத்துவது தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு. திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் உட்பட இருபதுக்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் இதன் வழியே எல்.எல்.எம். மாணவர்களைச் சேர்க்கின்றன. டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் ஐலெட் என்ற தனித் தேர்வு. டெல்லிப் பல்கலைக்கழகம் போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு க்யூட் முதுநிலைத் தேர்வு.

கிளாட் முதுநிலைத் தேர்வின் அமைப்பு:

- 120 கேள்விகள், 120 நிமிடங்கள், கேள்விக்கு ஒரு மதிப்பெண்.
- தவறான விடைக்கு 0.25 கழிக்கப்படும்.
- காகிதத் தேர்வு, விடைகளை ஓ.எம்.ஆர். தாளில் நிரப்ப வேண்டும்.
- வினாத்தாள் ஆங்கிலத்தில் மட்டுமே.
- தகுதி: எல்.எல்.பி.யில் 50 விழுக்காடு. பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு 45. இறுதியாண்டு மாணவர்களும் எழுதலாம். வயது வரம்பு இல்லை.

அண்மை ஆண்டுகளில் இத்தேர்வு டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமையில் நடந்து வந்திருக்கிறது: 2023-இல் டிசம்பர் 3, 2024-இல் டிசம்பர் 1, 2025-இல் டிசம்பர் 7. பொதுத்துறை நிறுவனங்கள் சிலவும் சட்ட அலுவலர் வேலைக்கு இந்த மதிப்பெண்ணைக் கேட்டு விளம்பரம் செய்வதுண்டு. எல்.எல்.எம். சேரும் எண்ணம் இல்லாதவர்களும் எழுதுவதற்கு அது ஒரு காரணம்.

அரசமைப்புச் சட்டம்: சங்கிலியாகப் படியுங்கள்

தாளில் அதிக இடம் பிடிப்பது அரசமைப்புச் சட்டம்தான். இதை உறுப்பு 1-இலிருந்து வரிசையாகப் படித்துக்கொண்டு போனால் நூறைத் தாண்டுவதற்குள் சலித்துவிடும். ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டு, அது எந்தத் தீர்ப்பில் தொடங்கி எந்தத் தீர்ப்பில் வந்து நிற்கிறது என்று தொடர்ந்து போங்கள்.

திருத்த அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். சங்கரி பிரசாத் வழக்கிலும் (1951) சஜ்ஜன் சிங் வழக்கிலும் (1965) ஐந்து நீதிபதிகள் அமர்ந்து, அடிப்படை உரிமைகளையும் நாடாளுமன்றம் திருத்தலாம் என்றார்கள். அதை மறுபரிசீலனை செய்ய அதைவிடப் பெரிய அமர்வு வேண்டும். கோலக்நாத் வழக்கில் (1967) பதினொரு பேர் அமர்ந்து, 6-க்கு 5 என்ற கணக்கில் ‘திருத்த முடியாது’ என்றார்கள். நாடாளுமன்றம் 1971-இல் 24-ஆம் திருத்தத்தால் பதில் சொன்னது. கோலக்நாத்தையே மறுபடி பார்க்கப் பதினொருவருக்கு மேல் வேண்டியிருந்ததால், கேசவானந்த பாரதி வழக்கில் (1973) பதின்மூன்று நீதிபதிகள் அமர்ந்தார்கள். முடிவு 7-க்கு 6. திருத்தலாம், ஆனால் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கக் கூடாது. 39-ஆம் திருத்தத்தின் ஒரு பகுதி 1975-இல் இந்திரா காந்தி – ராஜ் நாராயண் வழக்கில் விழுந்தது. 42-ஆம் திருத்தம் 368-ஆம் உறுப்பில் நுழைத்த (4), (5) உட்பிரிவுகள் 1980-இல் மினர்வா மில்ஸ் வழக்கில் விழுந்தன.

இப்படிப் படித்தால் அமர்வின் எண்ணிக்கை ஏன் 5, 11, 13 என்று ஏறிக்கொண்டே போகிறது என்பது புரிந்துவிடும். தனியாக உருப்போட வேண்டாம். தனியுரிமையை அடிப்படை உரிமை என்ற புட்டசாமி வழக்கில் (2017) ஒன்பது பேர் அமர்ந்ததற்கும் இதே காரணம்தான். எதிர்த்தரப்பு துணைக்கு அழைத்த எம்.பி. சர்மா வழக்கில் (1954) எட்டுப் பேர் அமர்ந்திருந்தார்கள்.

இன்னொரு சங்கிலி, தனிமனித விடுதலை. ஏ.கே. கோபாலன் எதிர் சென்னை மாநிலம் (1950), ஆர்.சி. கூப்பர் (1970), மேனகா காந்தி (1978), புட்டசாமி (2017). கோபாலன் வழக்கில் மாறுபட்டு எழுதிய நீதிபதி பசல் அலியின் பார்வை பிற்காலத்தில் சட்டமாகிவிட்டது. நெருக்கடி நிலைக் காலத்து ஜபல்பூர் ஏ.டி.எம். வழக்கில் (1976) தனியாக நின்ற நீதிபதி எச்.ஆர். கன்னாவின் கருத்துக்கும் அதே கதை. புட்டசாமி அமர்வு ஜபல்பூர் பெரும்பான்மையை வெளிப்படையாகவே ஒதுக்கித் தள்ளியது. மாறுபட்ட தீர்ப்பைத் தாண்டிப் போகாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

ஐந்து வரிக் குறிப்பு

ஒரு தீர்ப்புக்கு ஐந்து வரிக்கு மேல் எழுத வேண்டாம். ஐந்து வரியில் அடக்கவே முடியவில்லை என்றால் தீர்ப்பு இன்னும் பிடிபடவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் நீலகிரியிலிருந்து போன ஐ.ஆர். கோயலோ எதிர் தமிழ்நாடு வழக்குக்கு எழுதினால் இப்படி இருக்கும்:

1. பின்னணி: கூடலூர் ஜன்மம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம், 1969. காட்டு நிலம் தொடர்பான பகுதியை 1972-இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. 1974-இல் 34-ஆம் திருத்தம் சட்டத்தை முழுமையாக ஒன்பதாம் அட்டவணையில் வைத்தது.
2. கேள்வி: ஒன்பதாம் அட்டவணைக்குள் போய்விட்டால் நீதிமன்றம் தொடவே முடியாதா?
3. அமர்வு, நாள்: ஒன்பது நீதிபதிகள், ஒருமனதாக, 11 ஜனவரி 2007.
4. ரேஷியோ: கேசவானந்த பாரதி தீர்ப்பு வந்த 24 ஏப்ரல் 1973 அன்றோ அதற்குப் பின்போ சேர்க்கப்பட்ட சட்டங்கள், அடிப்படைக் கட்டமைப்பை மீறுகின்றனவா என்று சோதிக்கப்படலாம்.
5. தொடர்பு: முதல் திருத்தம் (1951), உறுப்பு 31-பி, கேசவானந்த பாரதி, வாமன் ராவ் (1981).

ஐந்தாம் வரிதான் மற்ற வரிகளைவிடப் பலன் தரும். தமிழ்நாட்டின் 69 விழுக்காடு இடஒதுக்கீட்டுச் சட்டம் 1994-இல் 76-ஆம் திருத்தத்தால் ஒன்பதாம் அட்டவணைக்குள் போனது. அது 1973-க்குப் பிறகு. அப்படியானால் கோயலோ தீர்ப்பு அதற்குப் பொருந்துமா? இந்தக் கேள்வியை நீங்களே கேட்டுக்கொண்டு இந்திரா சாஹ்னி வழக்கு (1992) வரை போய்வந்தால், ஒரே குறிப்பில் மூன்று தலைப்புகள் முடிந்துவிடும்.

நோட்டுப் புத்தகத்தைவிடத் தனித்தனி அட்டைகள் நல்லது. சங்கிலி வளர வளர அட்டைகளை இடம் மாற்றி அடுக்கலாம். நூற்றைம்பது அட்டைகள் சேர்ந்தால் தேர்வுக்கு வலுவான அடித்தளம் வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

ஒரு பத்தி, நான்கு வகைக் கேள்வி

மசோதாக்களுக்கு ஒப்புதல் தருவது பற்றிய குடியரசுத் தலைவரின் வினாக்களுக்கு, 2025 நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அளித்த கருத்துரையிலிருந்து ஒரு பத்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கேள்விகள் எங்கிருந்தெல்லாம் பிறக்கும்?

முதல் வகை, பத்திக்குள்ளேயே விடை உள்ளது. ஆளுநருக்குக் காலக்கெடு விதிக்கலாமா, ‘ஒப்புதல் அளித்ததாகக் கருதப்படும்’ என்று நீதிமன்றம் சொல்லலாமா? இரண்டுக்கும் அமர்வு ‘முடியாது’ என்றது. ஆனால் காரணம் சொல்லாமல் முடிவின்றிக் கிடப்பில் போட்டால், முடிவெடுக்கும்படி வரம்புக்குட்பட்ட உத்தரவு இடலாம் என்றும் சொன்னது. இந்த ‘ஆனால்’ உள்ள வரியைத்தான் விடைத் தேர்வுகளில் திருகி வைப்பார்கள்.

இரண்டாம் வகை, உறுப்பு எண். ஆளுநர் ஒப்புதல் 200, குடியரசுத் தலைவருக்கு ஒதுக்கிய மசோதா 201, உச்ச நீதிமன்றத்திடம் கருத்துக் கேட்பது 143, முழு நீதி வழங்கும் அதிகாரம் 142. நான்கும் நான்கு விடைகளாக எதிரே நிற்கும்.

மூன்றாம் வகை, முன்னால் வந்த வழக்குகள். அமைச்சரவையின் ஆலோசனைப்படியே ஆளுநர் செயல்பட வேண்டும் என்ற ஷம்ஷேர் சிங் (1974), கிடப்பில் போடுவதைக் கண்டித்த பஞ்சாப் வழக்கு (2023), பத்து மசோதாக்களுக்கு 142-ஆம் உறுப்பின் கீழ் ஒப்புதல் கிடைத்ததாக அறிவித்த தமிழ்நாடு அரசு எதிர் தமிழ்நாடு ஆளுநர் (8 ஏப்ரல் 2025).

நான்காம் வகை, கோட்பாடு. அதிகாரப் பிரிவினை, கூட்டாட்சி, 143-இன் கீழ் தரும் கருத்துரைக்கும் வழக்கில் தரும் தீர்ப்புக்கும் உள்ள வேறுபாடு.

எந்தத் தீர்ப்பைப் படித்து முடித்தாலும் இந்த நான்கு வகையிலும் வகைக்கு ஒரு கேள்வி நீங்களே எழுதுங்கள். தவறான மூன்று விடைகளையும் நீங்களே தயாரியுங்கள். நம்பும்படியான தவறான விடையைத் தயாரிக்கத் தீர்ப்பை நன்றாகப் புரிந்துகொண்டிருக்க வேண்டும் என்பது, எழுத உட்காரும்போதே தெரியும்.

மற்ற பாடங்கள்: எதை எவ்வளவு

எல்லாவற்றையும் சம அளவில் படிக்க நேரம் இருக்காது. குற்றவியல், ஒப்பந்தம், தீங்கியல், குடும்பச் சட்டம், நிர்வாகச் சட்டம், ஜூரிஸ்புரூடன்ஸ் ஆகியவற்றுக்கு முதல் வரிசை. சொத்துரிமை மாற்றம், நிறுமச் சட்டம், பன்னாட்டுச் சட்டம், சுற்றுச்சூழல், வரி, தொழிலாளர், அறிவுசார் சொத்துரிமை இரண்டாம் வரிசை. இரண்டாம் வரிசைப் பாடங்களில் பாடப்புத்தகத்தை முழுதாகப் படிக்க வேண்டியதில்லை. பேர் ஆக்டில் வரையறைப் பிரிவுகளையும், பாடத்துக்குப் பத்துத் தீர்ப்புகளையும் பார்த்தால் போதும்.

இங்கும் கோத்துப் படிப்பதே மிச்சம். தீங்கியலில் ரைலண்ட்ஸ் எதிர் ஃபிளெட்சர் (1868) படிக்கும்போதே, அதிலிருந்து விலகி முழுப் பொறுப்புக் கொள்கையை வகுத்த எம்.சி. மேத்தா ஓலியம் வாயுக் கசிவு வழக்கையும் (1987), தோல் பதனிடும் ஆலைகளால் பாலாற்றுப் பகுதி பாழானதைப் பற்றிய வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கையும் (1996) சேர்த்துப் படித்தால் சுற்றுச்சூழல் சட்டத்தில் பாதி வந்துவிடும். ‘மாசுபடுத்துபவரே ஈடு செய்ய வேண்டும்’ என்ற நெறியை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்புகளில் வேலூர் வழக்கு முக்கியமானது. குடும்பச் சட்டத்தில் மகளுக்குப் பிறப்பாலேயே கூட்டுக்குடும்பச் சொத்துரிமை உண்டு என்ற வினீதா சர்மா (2020) வழக்கோடு, மத்தியச் சட்டம் 2005-இல் செய்ததைத் தமிழ்நாடு 1989-லேயே மாநிலத் திருத்தமாகக் கொண்டுவந்ததையும் குறித்துக்கொள்ளுங்கள். காப்புரிமைக்கு 3(டி) பிரிவும் நோவார்டிஸ் (2013) வழக்கும். ஜூரிஸ்புரூடன்ஸில் ஆஸ்டின், கெல்சன், ஹார்ட், ஃபுல்லர் நால்வரையும் பெயரளவில் படிக்காமல், சட்டமும் அறமும் பற்றிய ஹார்ட் – டெவ்லின் விவாதத்தை நவ்தேஜ் சிங் ஜோஹர் (2018) தீர்ப்பின் அருகில் வைத்துப் படியுங்கள்.

தொழிலாளர் சட்டத்தில் ஓர் எச்சரிக்கை. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன; இருபத்தொன்பது பழைய சட்டங்கள் அவற்றுக்குள் அடங்கின. பழைய கைடு வைத்திருப்பவர்கள் அதைத் தம்பிக்குக்கூடக் கொடுக்க வேண்டாம்.

பழைய எண், புதிய எண்

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் மூன்றும் போய் பி.என்.எஸ்., பி.என்.எஸ்.எஸ்., பி.எஸ்.ஏ. வந்தன. தீர்ப்புகள் பெரும்பாலும் பழைய எண்ணில் பேசும். கேள்வி புதிய எண்ணில் வரலாம். இரண்டும் தெரிந்திருக்க வேண்டும். முதலில் பதிய வேண்டியவை:

- கொலைக்குத் தண்டனை: 302 இப்போது 103.
- மோசடி: 420 இப்போது 318(4).
- வரதட்சணை மரணம்: 304-பி இப்போது 80.
- கணவர் வீட்டார் கொடுமை: 498-ஏ இப்போது 85.
- முதல் தகவல் அறிக்கை: 154 இப்போது 173.
- முன் ஜாமீன்: 438 இப்போது 482.
- உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம்: 482 இப்போது 528.

கடைசி இரண்டையும் மறுபடி பாருங்கள். ‘482 பெட்டிஷன்’ என்றால் முதல் தகவல் அறிக்கையை ரத்துசெய்யக் கோரும் மனு என்றுதான் நீதிமன்ற வளாகத்தில் எல்லாருக்கும் பழக்கம். இப்போது அதே எண் முன் ஜாமீனுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறது. அவசரத்தில் பழக்கமான எண்ணைக் கண்டதும் வட்டத்தை நிரப்பிவிடுகிறவர்களுக்கு இதுபோன்ற இடங்களில்தான் மதிப்பெண் போகும்.

எண் மாறியதோடு நிற்காமல் எது இல்லாமல் போனது, எது புதிதாக வந்தது என்றும் பாருங்கள். ஜோசப் ஷைன் (2018) தீர்ப்பால் செல்லாததான பிறன்மனைக் குற்றம் புதிய சட்டத்தில் இல்லை. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டோர் கூடி சாதி, மொழி முதலான காரணத்துக்காகச் செய்யும் கொலை 103(2)-இல் தனியாக வந்திருக்கிறது. சமூக சேவை ஒரு தண்டனையாகச் சேர்ந்திருக்கிறது.

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு

வினாத்தாள் ஆங்கிலத்தில் மட்டும் இருப்பது தமிழ்வழியில் படித்தவர்களுக்குக் கூடுதல் சுமைதான். இதற்கு இலக்கண வகுப்பு உதவாது. தீர்ப்பு நடை பழக வேண்டும். உச்ச நீதிமன்றத்தின் இ-எஸ்.சி.ஆர். தளத்தில் தீர்ப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பல தீர்ப்புகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. தமிழ் வடிவத்தை முதலில் படித்து விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு ஆங்கில மூலத்தில் முடிவுரைப் பகுதியை மட்டும் வாய்விட்டுப் படியுங்கள். நாளைக்கு இரண்டு பக்கம் போதும். சட்டங்களின் மூலப் பிரதிக்கு ‘இந்தியா கோட்’ தளம். காசு கொடுத்து வாங்க வேண்டாம்.

நீண்ட தீர்ப்பை முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தேவையில்லை. கேசவானந்த பாரதியை முழுதாகப் படிக்க முனைந்தால் அந்த ஒரு வழக்கிலேயே மாதம் ஓடிவிடும். முதலில் தலைக்குறிப்பு, அடுத்து எண்ணிட்ட முடிவுகள், அதன்பின் மாறுபட்ட தீர்ப்பின் முடிவுரை. சந்தேகம் வந்த இடத்துக்கு மட்டும் உள்ளே போங்கள்.

ஜூன் முதல் டிசம்பர் வரை

ஜூன், ஜூலை: அரசமைப்புச் சட்டம் மட்டும். மூலப் பிரதியில் பகுதி 3, 4, 5, 6, 11, 18, 20. கூடவே எம்.பி. ஜெயினோ வி.என். சுக்லாவோ ஏதாவது ஒரு புத்தகம். எட்டு அல்லது பத்துச் சங்கிலிகள்.

ஆகஸ்ட், செப்டம்பர்: முதல் வரிசைப் பாடங்கள். விண்ணப்ப அறிவிப்பையும் இந்த மாதங்களில் கவனித்துக்கொண்டே இருங்கள்.

அக்டோபர்: இரண்டாம் வரிசைப் பாடங்கள். வாரம் ஒரு மாதிரித் தேர்வு. கூட்டமைப்பின் தளத்தில் உள்ள முந்தைய ஆண்டு வினாத்தாள்களைக் கடைசிக்கென்று பதுக்கி வைக்காமல் இப்போதே எழுதிப் பாருங்கள்.

நவம்பர்: புதிய பாடம் எதுவும் வேண்டாம். கடந்த இரண்டு ஆண்டுகளின் அரசியல் சாசன அமர்வுத் தீர்ப்புகள், அட்டைகள், வாரம் இரண்டு மாதிரித் தேர்வுகள்.

சீனியரிடம் ஜூனியராக இருப்பவர்கள் பகலில் படிக்க நேரம் கிடைக்கும் என்று நம்பக் கூடாது. வாய்தா வாங்கப் போன இடத்தில் மதியம் வரை நிற்க நேரும். கோர்ட்டுக்குக் கிளம்பும் முன் இரண்டு மணி நேரம் தீர்ப்பு வாசிப்பு, காத்திருக்கும் நேரத்துக்குப் பையில் இருபது அட்டைகள் என்று பிரித்துக்கொண்டால் ஆறு மாதத்தில் முடியும்.

மைனஸ் மார்க்கும் கடிகாரமும்

நான்கு விடைகளில் எதுவுமே தெரியாமல் குத்துமதிப்பாக 16 கேள்விகளுக்கு விடை நிரப்பினால், சராசரியாக 4 சரியாகும், 12 தவறாகும். 4 மதிப்பெண் வந்து 3 போகும்; மிச்சம் ஒன்றே ஒன்று. அதிர்ஷ்டம் சற்றுப் பிசகினால் அதுவும் இல்லை. ஆனால் இரண்டு விடைகளை உறுதியாக நீக்கிவிட்டு 16-ஐ நிரப்பினால் 8 சரி, 8 தவறு. 2 போக மிச்சம் 6. எனவே விதி எளிது: இரண்டை நீக்க முடிந்தால் துணிந்து எழுதுங்கள். ஒன்றைக்கூட நீக்க முடியாவிட்டால் விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.

கேள்விக்கு ஒரு நிமிடம் என்று கணக்குப் போடுவது ஏமாற்றும். பத்தி படிக்கும் நேரமும் அதற்குள்தான். ஒரு வட்டத்தை நிரப்ப ஐந்து வினாடி என்றாலும் 120 வட்டத்துக்குப் பத்து நிமிடம் போய்விடும். கடைசியில் மொத்தமாக நிரப்பலாம் என்று வைத்திருப்பவர்களுக்கு வரிசை எண் நழுவுவது சகஜம். ஒரு பத்தி முடிந்ததும் அதற்கான வட்டங்களை நிரப்பிவிட்டு அடுத்த பத்திக்குப் போங்கள். மாதிரித் தேர்வையும் கணினியில் எழுதாமல், ஓ.எம்.ஆர். தாள் அச்செடுத்துப் பேனாவால் எழுதிப் பழகுங்கள்.

இந்த அத்தியாயத்துக்கான பயிற்சி

1. பட்டியல் சாதிகளுக்குள் உள்ஒதுக்கீடு பற்றிய பஞ்சாப் எதிர் தவிந்தர் சிங் தீர்ப்பை (1 ஆகஸ்ட் 2024) எடுத்து ஐந்து வரிக் குறிப்பு எழுதுங்கள். 2004-இன் சின்னையா வழக்கில் ஐந்து பேர் அமர்ந்திருந்தார்கள். இங்கே ஏன் ஏழு பேர் என்பது மூன்றாம் வரியில் வர வேண்டும்.
2. அதே தீர்ப்பில் தனியாக மாறுபட்ட நீதிபதி பேலா திரிவேதியின் வாதத்தை மூன்று வாக்கியத்தில் எழுதுங்கள். 341-ஆம் உறுப்பின் பெயர் வராவிட்டால் மறுபடி படிக்க வேண்டும்.
3. தேர்தல் பத்திரங்கள் செல்லாது என்ற தீர்ப்பிலிருந்து (15 பிப்ரவரி 2024) நான்கு வகையிலும் வகைக்கு ஒரு கேள்வி தயாரித்து, உடன் படிப்பவரிடம் கொடுங்கள். அவர் நான்கையும் யோசிக்காமல் சரியாகச் சொல்லிவிட்டால் தவறான விடைகளை இன்னும் கூர்மையாக்குங்கள்.

மூன்றையும் முடிக்காமல் அடுத்த அத்தியாயத்துக்குப் போக வேண்டாம். அங்கே தரப்போகும் மாதிரி வினாத்தாள் இந்த மூன்று தீர்ப்புகளும் உங்கள் கையில் இருப்பதாக எண்ணியே தொடங்கும்.